வந்து போகும் ஆசிரியர், நின்று போகும் பாடம்

2020 மார்ச் 15ஆம் திகதி, அமெரிக்காவின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் தன் வரலாற்றில் முதல் தடவையாக, உலகெங்கும் இருந்த தொண்டர்கள் அத்தனை பேரையும் ஊருக்குத் திருப்பி அழைத்தது. கொரோனாக் காலம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த ஏறக்குறைய 7,000 பேர் சில நாட்களுக்குள் பெட்டி கட்டினார்கள். அவர்களில் பெரும் பிரிவினர் கல்விப் பணியில் இருந்தவர்கள். வேலையில்லாமல், தங்க இடமில்லாமல் திடீரென்று வீடு வந்து சேர்ந்தவர்களின் தவிப்பைப் பற்றி அப்போது நிறையவே பேசப்பட்டது. நியாயமான கவலைதான். பாதிப் பாடத்தில் விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்குக் காதில் விழவில்லை.

வெளிநாட்டில் படிப்பித்துவிட்டு வீடு திரும்புவது மேற்குலகில் தனியொரு வாழ்க்கைக் கட்டமாகவே வளர்ந்திருக்கிறது. மலாவியில் ஆசிரியராக இருந்து 1965இல் வெளியேற்றப்பட்ட போல் தெரூ பெரும் எழுத்தாளரானார். சீனாவின் ஃபூலிங் நகரில் ஆங்கிலம் கற்பித்த பீட்டர் ஹெஸ்லர் அந்த அனுபவத்தை வைத்து எழுதிய 'ரிவர் டவுன்' 2001இல் வெளிவந்தது. சுவாசிலாந்தில் கணிதம் படிப்பித்த ரீட் ஹேஸ்டிங்ஸ் பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கினார். போனவருக்கு லாபம் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

திரும்பி வருகிறவரை அரசாங்கங்களும் கைவிடுவதில்லை. இரண்டாண்டுப் பணியை முடித்த பீஸ் கோர் தொண்டருக்கு, ஊரில் மறுபடி காலூன்றுவதற்கென்று 10,000 டொலருக்கு மேல் கிடைக்கிறது. ஜப்பான் இன்னும் கெட்டி. பணியிலிருக்கும் பாடசாலை ஆசிரியர்கள் பதவியை இழக்காமல் வெளிநாட்டுத் தொண்டுக்குப் போய்வர 2001இல் அங்கே ஒரு திட்டம் ஏற்படுத்தப்பட்டது. ஜப்பானியக் கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலில் அவர்கள் மீண்டும் தம் வகுப்பில் நிற்கும்படி காலம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அனுப்பும் நாட்டின் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு கரிசனை காட்ட முடியுமானால், வாங்கும் நாட்டின் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் காட்டலாம் அல்லவா?

இலங்கைக்கு இந்தப் போக்குவரத்து புதிதல்ல. பீஸ் கோர் 1962இல் வந்தது, 1964இல் போனது. 1967இல் திரும்ப வந்து 1970இல் போனது. 1983 முதல் 1998 வரை மறுபடி இருந்தது. 2018இல் ஆங்கிலக் கல்விக்காக இன்னொரு ஒப்பந்தம் கைச்சாத்தானது. வரவையும் போக்கையும் தீர்மானித்தவை அரசாங்கங்கள். எந்தப் பாடசாலை அதிபரும் அல்ல.

இந்த வரவும் போக்கும் வகுப்பறையில் எப்படித் தெரியும் என்பதற்கு வலப்பனையைப் பார்க்கலாம். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் ஒன்று அது. ராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ என்று மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் பற்றாக்குறை பழைய கதை. இப்படியான ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டு இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். பாட்டு, விளையாட்டு, சுவரெல்லாம் வர்ணப் படங்கள். லயத்திலிருந்து வரும் பிள்ளை வெட்கம் விட்டு இரண்டு வசனம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும். பிறகு பிரியாவிடை வைபவம், மாலை, கையில் ஒரு தேயிலைப் பொதி. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாடவேளை 'ரிலீஃப்' ஆகிவிடும். யாரோ ஒரு ஆசிரியர் வந்து, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். வந்தவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவரை எதிலும் கோக்காமல் தனி மணியாக விட்டது ஏற்பாட்டின் பிழை.

மலையகத்தில் நின்று நிலைத்த வெளிநாட்டு உதவி வேறு மாதிரியானது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்ற பிறகு, 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் அவற்றின் அபிவிருத்திக்குக் கை கொடுத்தது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. ஜெர்மன்காரர்கள் போய்விட்டார்கள், கல்லூரி இருக்கிறது, ஆசிரியர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

உள்ளூர் ஆசிரியரை நாம் நடத்திய விதத்தையும் பேசத்தான் வேண்டும். 2015 வாக்கில் சுமார் 3,000 மலையக இளைஞர்கள் ஆசிரியர் உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். முதலில் மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா. பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே போதாத தொகை. பயிற்சியை முடித்து ஆசிரியர் சேவைக்குள் வரும்வரை பலர் ஆண்டுக்கணக்கில் அதில்தான் காலம் தள்ளினார்கள். வடக்கிலோ தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள். தொண்டு முடிந்து வீடு திரும்புகிறவருக்குப் பத்தாயிரம் டொலர், திரும்புவதற்கு வேறு ஊரே இல்லாதவருக்குப் பத்தாயிரம் ரூபா என்ற கணக்கு கசக்கிறது. இதில் இரண்டாவது தொகையை நிர்ணயித்தது நமது அரசுதான்.

வெளிநாட்டுத் தொண்டர்கள் வேண்டாம் என்பதல்ல வாதம். ராகலைப் பிள்ளைக்கு இன்னொரு நாட்டு மனிதரோடு பேசிப் பழகக் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் வலப்பனை வலயக் கல்விப் பணிமனையும் இனி அனுமதி கொடுக்கும்போது மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டும்: வருகிறவரோடு உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அதே வகுப்பில் சேர்ந்து கற்பிக்க வேண்டும்; கல்வியாண்டின் நடுவில் புறப்படக் கூடாது; போகுமுன் பாடக் குறிப்புகளை அந்த ஆசிரியரிடம் கையளிக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத அமைப்புகளுக்கு அதிபர்கள் தயங்காமல் இல்லை என்று சொல்லட்டும்.