வைத்தியச் சீட்டின் பாஷை

டாக்டரைப் பார்த்துத் திரும்பும் ஒருவரை, "என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓர் 'ஐடிஸ்' என்றார், பத்து நாள் மாத்திரை சாப்பிடச் சொன்னார்" என்பதே பெரும்பாலும் விடையாயிருக்கும். கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்கும் நம்மவர், சொந்தத் தேகத்தைப் பற்றிய சொல்லை மட்டும் மந்திரோபதேசம் போல் செவியில் வாங்கிக்கொண்டு வாளாவிருக்கின்றனர். இதன் காரணம் நமக்கு விளங்கவில்லை.

அச்சொற்கள் மந்திரங்கள் அல்ல. புணர்ச்சி பிரித்துப் பழகிய பள்ளி மாணவனுக்கு அவற்றைப் பிரிப்பது விளையாட்டுப் போன்றது. பெரும்பாலானவை கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்யப்பட்டவை. முற்பாதி உறுப்பைச் சொல்லும்; பிற்பாதி அதற்கு நேர்ந்த உபத்திரவத்தைச் சொல்லும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. அதாவது அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, நோகிறது என்று பொருள். 'காஸ்ட்ர்' என்பது இரைப்பை. ஆகவே காஸ்ட்ரைடிஸ் என்பது இரைப்பை அழற்சி. 'ஆர்த்ர்' மூட்டு, 'ஹெபட்' கல்லீரல், 'நெப்ர்' சிறுநீரகம். இவற்றை ஒரு மாலைப்பொழுதில் மனனம் செய்த மாணவன், ஆர்த்ரைடிஸ், ஹெபடைடிஸ், நெப்ரைடிஸ் ஆகியவற்றின் பொருளை எவரும் சொல்லிக் கொடாமலே அறிந்து கொள்வான். 'எக்டமி' என்று முடிந்தால் அறுத்து நீக்குதல். 'ஈமியா' என்றால் இரத்தத்தின் நிலை.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் இருப்பதுதான் தொல்லை. சிறுநீரகத்துக்குக் கிரேக்கர் ஒரு பெயரிட்டனர். லத்தீன்காரர் வேறொரு பெயரிட்டனர். வைத்திய சாஸ்திரமோ இரண்டையும் கைவிடவில்லை. எனவே பரிசோதனைச் சீட்டில் 'ரீனல்' என்றிருக்கும். ஆஸ்பத்திரிப் பலகையில் 'நெப்ராலஜி' என்றிருக்கும். இரண்டும் ஒன்றே என்று அறியாதவர் தாழ்வாரம் முழுவதும் நடந்து கால் நோகின்றனர்.

கால் நோவதோடு போனால் பாதகமில்லை. ஆனால் இரண்டு முன்னொட்டுகளை அறியாதிருப்பது உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடும். 'ஹைப்பர்' என்றால் மிகுதி. 'ஹைப்போ' என்றால் குறைவு. காதில் விழும்போது இரண்டுக்கும் பேதம் அதிகமில்லை. இன்ஸுலின் போட்டுக்கொண்ட நீரிழிவுக்காரர் ஒருவர் ஏதோ காரியமாய் உணவைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேச்சும் தடுமாறுகிறது. இதுவே ஹைப்போகிளைசீமியா, இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோன நிலை. இப்போது வேண்டியது சர்க்கரையே. வீட்டாரோ, "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை தரலாமா?" என்று தயங்கி நிற்பர். வீட்டில் சோதிக்கும் சிறு கருவி இருந்து, அது 100 மில்லி லிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் தயக்கமே கூடாது. கருவி இல்லாவிடினும் இக்குறிகளைக் கண்டால் காத்திருத்தல் தகாது. நினைவோடிருப்பவருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டியளவு, நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல் செய்யும் கெடுதல் வேறு விதமானது. நம் வீடுகளில் 'டென்ஷன்' என்பது மனப் பதற்றத்துக்குப் பெயராகிவிட்டது. ஆதலால், "எனக்கு டென்ஷனே கிடையாது; மகளுக்குக் கல்யாணமும் முடிந்தது" என்று மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. டாக்டர் சொல்லும் டென்ஷன் மனத்தில் உள்ளதன்று. இரத்தம் குழாயின் சுவரை அழுத்தும் அழுத்தம். சாந்தசொரூபிக்கும் அது 140-ஐத் தாண்டலாம். பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது. மெல்ல மெல்லச் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கெடுத்து, ஒருநாள் பக்கவாதமாய் வந்து நிற்கும். 'இரத்தக் கொதிப்பு' என்ற வழக்கும் நமக்கு உவப்பானதல்ல; கோபக்காரருக்கு வரும் நோய் அது என்ற எண்ணத்தை அதுவும் வளர்க்கிறது. 'இரத்த அழுத்தம்' என்பதே சரியான சொல்.

எல்லாச் சொல்லிலும் தமிழ் இப்படிச் சறுக்கவில்லை. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று நம் முன்னோர் இட்ட பெயர்களைக் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒரு குடும்பம் போல் அவர்கள் மனத்தில் பதியும். அனீமியாவுக்கு நேர்ப்பொருள் இரத்தமின்மை. நாம் சோகை என்றோம்.  'டயபிடீஸ் மெல்லிடஸ்' என்பதில் பின்சொல் தேனின் இனிமையைக் குறிக்கும், நம் நாட்டு வைத்திய நூல்கள் அதே நோயை மதுமேகம் என்றன, மதுவும் தேனே. சிறுநீரின் இனிப்பை இரு நாட்டாரும் கவனித்திருக்கின்றனர்.

இச்சாஸ்திரம் தமிழில் அடங்குமா என்று ஐயுறுவோர், அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்துப் பார்க்க வேண்டும். மானிப்பாயில் அவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்க்குப் போதித்தார்; உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழில் வெளியிட்டார். அந்நியர் ஒருவருக்குக் கைகூடியது, படித்த குடும்பத்தார் இருபது சொற்களைக் கற்பதற்கு அரிதாகிவிடுமோ?

பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மலேரியா என்றால் இத்தாலிய பாஷையில் 'கெட்ட காற்று'. கொசுவின் வயிற்றில் அக்கிருமியை 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்ட பின்னும் பெயர் மாறவில்லை. ஆகவே சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டதும் நாமே வைத்தியராகிவிட்டதாக எண்ணாமல், டாக்டரிடமே, "இதைத் தமிழில் சொல்லுங்கள், எந்த உறுப்பு, அதற்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பது உத்தமம். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நோயின் பெயரை இரு பாஷையிலும், உண்ணும் மருந்தையும், ஒவ்வாத மருந்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுக்கலாம். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை பற்றிய சொற்களை அடுத்த வாரம் கவனிப்போம்.