யாருக்கு விலக்கு? – அமெரிக்க இலக்கிய வகுப்பும் ஒரு விதிமுறைத் தாளும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அமெரிக்க இலக்கியம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியர் ஒரு தாள் கொடுப்பார். எதையெல்லாம் படிக்கப் போகிறோம், எதற்கு எத்தனை மார்க், கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு வெட்டு, அடுத்தவர் எழுத்தைத் திருடினால் என்ன தண்டனை, வகுப்பில் எப்படிப் பேசணும், எப்படி எழுதணும் – எல்லாம் அதில் இருக்கும். மாணவர் ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே விதி. பார்க்க ரொம்ப நியாயமாத்தான் தெரியுது. ஆனால் 'எல்லாருக்கும் பொது' என்று நீட்டப்படுகிற எதையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கணும் என்பது ஒடுக்கப்பட்டவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். திருப்பிப் பார்ப்போம்.

படிப்புக்கு விதி போடுவது அந்த நாட்டில் வகுப்பறையில் தொடங்கவில்லை. 1740இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: அடிமைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் நூறு பவுண்டு அபராதம். 1831இல் வர்ஜீனியா, கறுப்பர்களை ஒன்றுகூட்டிப் படிக்க எழுதக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கியது. பால்டிமோரில் சிறுவன் ஃபிரெடெரிக் டக்ளஸுக்கு எஜமானி நாலு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எஜமான் தடுத்து நிறுத்தினான். அந்தப் பையன் தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். 1845இல் அவர் எழுதிய தன்வரலாறு இன்று அதே அமெரிக்க இலக்கிய வகுப்பில் பாடம். படிப்பு மறுக்கப்பட்டவனின் எழுத்தே பாடமாகிவிட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, விதிமுறையை வெறும் நிர்வாகச் சமாச்சாரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதலில் எதிர்பார்ப்பு. 'பாவம், கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க, கடினமான புத்தகத்தைக் கொடுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். இந்த இரக்கம் ஆபத்தானது. அன்னா ஜூலியா கூப்பரைப் பாருங்கள். 1858இல் அடிமையாகப் பிறந்தவர். 1902 முதல் 1906 வரை வாஷிங்டனில் கறுப்பர்களுக்கான எம் தெரு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். கறுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று புக்கர் வாஷிங்டனின் பேச்சு கொடிகட்டிப் பறந்த நேரம். கூப்பர் விடவில்லை. வெள்ளைப் பிள்ளைகள் படிக்கிற அதே பாடம் எங்க பிள்ளைகளுக்கும் வேணும் என்று நின்றார். அவர் மாணவர்கள் ஹார்வர்டு, ஓபர்லின் வரை போனார்கள். பரிசு என்ன? நிர்வாகத் திறமை போதாது, ஒழுங்கு காக்கவில்லை என்று குற்றம் சாட்டி 1906இல் வேலையைப் பறித்தார்கள். 1910இல் அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார். 1925இல் பாரிஸில் முனைவர் பட்டம் வாங்கினார். உயர்கல்வி கறுப்பர்களின் உரிமை என்று அந்நாளில் வாதாடிய இன்னொருவர் டூபாய்ஸ். 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டூபாய்ஸுக்குத்தான். கடினமான புத்தகத்தைக் கையில் கொடுப்பது கொடுமை அல்ல. 'உனக்கு இது எட்டாது' என்று எடுத்து வைக்கிறதுதான் கொடுமை.

அடுத்தது தாமதம். 'ஒரு நாள் தாமதம், பத்து மார்க் வெட்டு' என்பது பொது விதி. அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி பதினாறு வயது ஆகிவிட்டால் வேலை நேரத்துக்கு வரம்பு கிடையாது. பதினோராம் வகுப்புப் பிள்ளையின் வயசே அதுதான். இரவு கடையில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிற பெண்ணுக்கும், தனி அறையில் மேசை விளக்கு போட்டுப் படிக்கிற பையனுக்கும் ஒரே தேதி. தேதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கறாராகவே இருக்கட்டும். ஆனால் பள்ளி நேரத்துக்குள்ளேயே படிக்க நேரமும், கையில் சொந்தமாக ஒரு பிரதியும், உட்கார ஒரு இடமும் கொடுத்துவிட்டுத் தேதி கேளுங்கள். வசதியைப் பிரித்துக் கொடுக்காமல் விதியை மட்டும் சமமாகக் கொடுப்பது சமத்துவம் ஆகாது.

மூன்றாவது மொழி. தாளில் 'தரமான ஆங்கிலத்தில் எழுதவும்' என்று இருக்கும். எது தரம்? பாடமாக வைக்கிற புத்தகங்களையே எடுத்துக்கொள்வோம். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' தெருப் பேச்சில் எழுதப்பட்டது. சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் எழுதிய நாவலில் மாந்தர்கள் தெற்குக் கறுப்பர்களின் பேச்சைத்தான் பேசுகிறார்கள். புத்தகத்துக்குள் இருந்தால் அது இலக்கியம். அதே பேச்சு கறுப்புப் பிள்ளையின் கட்டுரையில் வந்தால் சிவப்பு மை! இது என்னங்க நியாயம்? 1979இல் ஆன் ஆர்பர் வழக்கில் நீதிமன்றமே சொன்னது: பிள்ளையின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துப் படிக்கச் சொல்லிக்கொடு, ஆசிரியர்களுக்கு அதைப் புரியவை. 1996இல் ஓக்லண்டு பள்ளி வாரியம் கறுப்பர் பேச்சை ஒரு மொழியாக மதித்துத் தீர்மானம் போட்டபோது நாடே கேலி செய்தது. 1966இல் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர் அது. அந்தப் பேரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெருவின் மொழியையும் கவிதைக்குள் கொண்டுவந்தார்கள். பொது ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல வாதம். அதையும் கற்றுக்கொடு, அது அதிகாரத்தின் சாவி. ஆனால் அம்மாவின் பேச்சைப் பிழை என்று சொல்லிக் கற்றுக்கொடுக்காதே.

கடைசியாக, தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பெற்றோர் ஆட்சேபித்தால் வேறு நூல் தரப்படும். இங்கேதான் விஷயம் இருக்கு. டோனி மாரிசன் 'பிலவ்ட்' நாவலை 1987இல் எழுதினார். 1993இல் நோபல் பரிசு பெற்றார். அடிமை வாழ்வுக்குத் தன் குழந்தையைத் திரும்ப அனுப்ப மறுத்த தாயின் கதை. வர்ஜீனியாவில் இந்த நாவலை எதிர்த்து எழுந்த புகாரிலிருந்து ஒரு மசோதா பிறந்தது. வெளிப்படையான பாலியல் பகுதிகள் உள்ள பாடத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, மாற்று நூல் தர வேண்டும் என்றது அது. 2016இல் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். 2022இல் வேறு ஆளுநர் கையெழுத்தில் அப்படி ஒரு சட்டம் வந்தேவிட்டது. 2021இல் ஓக்லஹோமாவும் டெக்சாஸும் போட்ட சட்டங்களில், இனத்தின் பேரால் ஒரு மாணவர் சங்கடமோ குற்ற உணர்வோ கொள்ள வேண்டும் என்ற கருத்துக்கே தடை. அமெரிக்கப் பென் அமைப்பின் கணக்குப்படி 2023–24 கல்வியாண்டில் மட்டும் பொதுப் பள்ளிகளில் 10,046 புத்தகத் தடைகள்.

சங்கடம்! யாருடைய சங்கடம்? 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பரைக் கேவலப்படுத்துகிற அந்த ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. அது சத்தமாக வாசிக்கப்பட்ட எத்தனையோ வகுப்புகளில், முப்பது பேருக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்த கறுப்புப் பிள்ளையின் சங்கடத்துக்குச் சட்டமன்றம் கூடியதா? 'கறுப்புப் பெற்றோரும்தானே அந்தப் புத்தகத்தை எதிர்த்தாங்க' என்று கேட்கலாம். எதிர்த்தார்கள். தன்னை இழிவுபடுத்துவதை எதிர்ப்பது வேறு. தன் முன்னோர் இழிவுபடுத்தியதைத் தெரிந்துகொள்ள மறுப்பது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறதுதான் நடுநிலையின் தந்திரம். நம் கேட்டால், இரண்டு புத்தகத்தையும் எடுக்க வேண்டாம். ட்வைனை டக்ளஸோடு சேர்த்துப் படி. அந்தச் சொல்லை வாசிக்கும் முன் அதன் வரலாற்றைச் சொல். அதன் பாரத்தை ஒரே ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றாதே.

ஆக, தோழர்களே, விதிமுறைத் தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. திருத்தி எழுதச் சொல்கிறோம். புத்தகம் கடினமாகவே இருக்கட்டும், எல்லாருக்கும். தேதி இருக்கட்டும், நேரத்தோடும் இடத்தோடும். பொது மொழி இருக்கட்டும், வீட்டு மொழியைக் கொல்லாமல். விலக்கு கேட்கிறவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஆனால் ஒரு வீட்டின் மறுப்பு மற்ற முப்பது பிள்ளைகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது.

ஒரு விதி நியாயமானதா என்று பார்க்க, அது யாரைக் கட்டுகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. யாரை அவிழ்த்துவிடுகிறது என்றும் கேட்கணும். வரலாற்றில் ஒரு நாள்கூட விலக்கு கிடைக்காதவர்களின் கதையைப் படிக்கிறதுக்கு விலக்கு கேட்கிறார்கள். கொடுக்காதே.