இரண்டு கண்டல், ஒரு களப்பு

உடப்புக்கு வடக்கே, புத்தளம் களப்பில் ரைசோபோராக் கண்டலில் இரண்டு வகை உண்டு. தாவரவியலார் ஒன்றை ரைசோபோரா மியூக்ரோனாட்டா என்பார்கள், மற்றதை ரைசோபோரா அப்பிகுலாட்டா. இரண்டின் காயும் மரத்திலேயே முளைத்துத் தொங்கும். முன்னதன் முளை முழ நீளத்தையும் தாண்டும், பின்னது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரை. ஒரே உப்புத் தண்ணீர், ஒரே கடற்காற்று. இருந்தும் இவை கலந்து ஒரே மரமாகிவிடவில்லை.

பூவிலேயே வேறுபாடு இருக்கிறது. மியூக்ரோனாட்டா இலைக்கக்கத்தில் கொத்தாகப் பூக்கும். இதழ் விளிம்பெல்லாம் மயிர். அப்பிகுலாட்டாவோ இலை உதிர்ந்த கணுவில், தடித்த குட்டைக் காம்பில் இரண்டே பூ வைக்கும். இதழில் மயிர் கிடையாது. ஆனால் இந்த வேலியை நம்பிவிட முடியாது. இவற்றின் மகரந்தத்தைப் பெரும்பாலும் சுமப்பது காற்று. அது இனம் பார்த்து இறக்காது.

அப்படிப் பிறந்த கலப்பு மரம்தான் தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் இருக்கிறது. 1990களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் அதை விவரித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கி அது ரைசோபோரா அண்ணாமலயானா ஆயிற்று. பெற்றோர் இந்த இரண்டும்தான் என்று மரபணுச் சோதனையும் சொன்னது. நன்றாக வளர்கிறது, பூக்கிறது. காய்ப்பது மட்டும் மிக அரிது. பூவில் தவறியதை இந்த மலட்டுத்தன்மை பிடித்துக்கொள்கிறது. இரு இனங்களையும் பிரித்து வைத்திருக்கும் பலமான தடை இதுவே என்பேன்.

இத்தகைய பிள்ளை, பெற்றோர் இருவரும் நிற்கும் எந்தக் களப்பிலும் எழலாம். அதை வெட்டினால் இழப்பு இரட்டிப்பு: விழுந்து முளைக்கக் காய் அரிது, ரைசோபோரா அடிமரம் பொதுவாகத் துளிர்ப்பதும் இல்லை.

இறால் பண்ணைகளுக்காக நம் புத்தளம் மாவட்டத்தில் கண்டல் அழிந்தது தெரிந்த கதை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் பல இடங்களில் கண்டல் நட்டார்கள். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேர்தான் தேறியது என்று 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குத்துவதற்கு எளிது என்று பல இடங்களில் ரைசோபோராவையே, அதற்கு ஒவ்வாத நிலத்திலும் குத்தினார்கள். எந்த மரம் எந்த உப்பில், எந்த ஏற்றவற்றத்தில் நிற்கும் என்பதும் இனங்களைப் பிரிக்கும் எல்லைதான். அங்கெல்லாம் அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை நட வருகிறவர்களிடம் உடப்பு இளைஞர்கள் முதலில் கேளுங்கள்: இது எந்தக் கண்டல், இந்த இடம் அதற்குச் சரியா?