கேட்டால் மட்டும் சீனி: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

டீயிலும் காபியிலும் சீனியைக் கடைக்காரரே போட்டுத் தர வேண்டுமா, கேட்பவருக்கு மட்டும் போட வேண்டுமா? எங்கள் ஊர் நுகர்வோர் மன்றத்தில் ஓர் உறுப்பினர் போகிறபோக்கில் எழுப்பிய இந்தக் கேள்வி மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டது. கலப்பட எண்ணெய்க்கும் எடை குறைந்த சிலிண்டருக்கும்கூட நாங்கள் இவ்வளவு நேரம் சண்டை போட்டதில்லை. முடிவில் பெரும்பான்மையாக ஏற்ற நிலைப்பாடு இது: டீக்கடை, உணவகம், அலுவலகம், கூட்டம், விசேஷ வீடு, எங்கும் சீனி தனியாக இருக்க வேண்டும்; கேட்டவருக்கு, கேட்ட அளவு போட வேண்டும். இப்போது நடப்பது நேர் தலைகீழ். வேண்டாதவர்தான் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது.

அப்படிச் சொல்லி வாங்குவதும் லேசில்லை. காலை ஏழு மணிக்குக் கடை முன்னால் கூட்டம் நிற்கும்போது மாஸ்டர் எட்டு கிளாஸை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சீனியைத் தட்டிவிட்டுத்தான் பாலுக்கே போவார். “மாஸ்டர், ஒண்ணு சீனி இல்லாம” என்று நாம் வாய் திறப்பதற்குள் சீனி விழுந்திருக்கும். “சரிண்ணே, கலக்காமத் தாரேன், அடியில கெடக்கட்டும்” என்பார். சீனியைக் குறைக்க நினைப்பவருக்கு டீக்கடை தரும் பெரிய சலுகை அதுதான். கடைசி மடக்கைக் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டு வரலாம். பிளாஸ்க்கில் வரும் டீயில் அந்தச் சலுகையும் கிடையாது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகும் டீயில் சீனி ஏற்கெனவே கரைந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் டீ கொட்டும் இயந்திரங்கள் பலவற்றில் போடும் பொடியிலேயே சீனி உண்டு. குடிப்பவர் வாய் திறக்க இடமே இல்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. நம் ஊரில் ஒருவர் “சீனி வேண்டாம்” என்றால் அடுத்த கேள்வி என்ன? “சுகரா?” பத்துப் பேர் காதில் விழும்படி கேட்பார்கள். கேட்பவர் அக்கறையாகத்தான் கேட்கிறார். ஆனால் சீனி இல்லாத டீ குடிக்க விரும்பும் 25 வயதுக்காரர் தன் உடம்பைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் சீனி இல்லாத காபி கேட்கும் மாப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இடத்தை விட்டு எழுவதற்குள் சம்பந்தம் முறிந்துவிடும். இதற்குப் பயந்தே பலர் கொடுத்ததைக் குடித்துவிட்டு வருகிறார்கள். சீனி தனியாக இருந்தால் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு டீஸ்பூன் சீனி 4 முதல் 5 கிராம் இருக்கும். டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்து, நாளைக்கு நான்கு டீ குடித்தால் 32 முதல் 40 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த 5 சதவீதம் வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 25 கிராம். ஆக, ஒரு துண்டு இனிப்பைக்கூடத் தொடாமல், வெறும் டீயிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். “நான் ஸ்வீட்டே சாப்பிடுறதில்ல சார்” என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் டீயைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தேசிய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. இதற்கெல்லாம் டீயில் போட்ட சீனிதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை, சொன்னால் அது தவறு. குடும்ப வழி, உட்கார்ந்தே செய்யும் வேலை, இடுப்புச் சுற்றளவு, தட்டில் குவியும் வெள்ளைச் சோறு எல்லாம் இதில் உண்டு. அதே ஆய்வுக் குழு 2025-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. டீச்சீனி இந்த மூட்டையில் ஒரு பிடிதான். ஆனால் எளிதாகக் கீழே இறக்கிவைக்கக்கூடிய பிடி.

இனிப்பு ஆசையைப் பற்றிப் பேசும்போது “வாயைக் கட்டத் தெரியாதவன்” என்ற பேச்சு வந்துவிடுகிறது. மருத்துவரும் சொல்கிறார், மனைவியும் சொல்கிறார், கடைசியில் அந்த மனிதரே தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். இந்தப் பேச்சை எங்கள் மன்றம் ஏற்கவில்லை. உறுப்பினர்கள் தங்கள் ஒரு நாளை எழுதிக் கொண்டுவந்தார்கள். பெயர் இல்லாமல் வாசித்தபோது எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல இருந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாடு இல்லை, ஒரு டீ மட்டும். பதினொரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும். மதியம் பசி முற்றிப்போய், மலைபோலச் சோறு, பேருக்குக் கொஞ்சம் கூட்டு. நான்கு மணிக்குக் கண் சொக்கும். மறுபடி டீ, கூடவே பஜ்ஜி. இரவு பத்து மணிக்குப் பரோட்டா. பன்னிரண்டு வரை கையில் போன். அதற்கு நடுவே ஃபிரிட்ஜைத் திறந்து, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்பது.

காலையில் பட்டினி கிடந்த உடம்பு பதினொரு மணிக்கு இனிப்பைத் தேடுவது குணக்கேடு அல்ல. மைதாவும் சீனியும் சேர்ந்தது ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பலருக்கு அது இறங்கும்போது மீண்டும் பசி வந்துவிடும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. நான்கு மணி ஆசைக்கு விதை முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கே விழுந்திருக்கிறது. “சர்க்கரைக்கு அடிமை” என்ற சொல்லையும் இந்த அறிக்கையில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். சர்க்கரை போதைப் பொருளைப் போன்றதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அப்படி முத்திரை குத்துவதால் யாரும் ஒரு ஸ்பூன் குறைத்ததாகவும் நாங்கள் பார்க்கவில்லை. நாக்கு பழக்கத்துக்கு உட்பட்டது என்பது மட்டும் நிச்சயம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி, பிறகு ஒன்றாக்கினால், சில வாரங்களில் பழைய டீயே திகட்டும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டா என்பதில்தான் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் முடிவு: இல்லை. கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, பனையேறிகளின் உழைப்பு உண்டு; அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டிக் காபியை ருசிக்காகக் குடியுங்கள், நாங்களும் குடிக்கிறோம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பலகை எழுதி வைக்கும் கடைகளைத்தான் எதிர்க்கிறோம். அதை நம்பி நான்கு டம்ளர் குடிப்பவர் வெள்ளைச் சீனியை அளந்து குடிப்பவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். இனிப்பு மாத்திரையையும் நாங்கள் மாற்றாகப் பரிந்துரைக்கவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும்போது அவர்களுக்குச் சீனிதான் மருந்து. சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருக்கும் பெரியவரைப் பார்த்து “உங்களுக்கு எதுக்கு இது?” என்று யாரும் பிடுங்க வேண்டாம்.

டீக்கடைக்கு அப்பால் அரசிடமும் சில கேட்கிறோம். நியாயவிலைக் கடையில் சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டோம்; வெளிச்சந்தை விலையில் வாங்க முடியாத வீடுகள் இருக்கின்றன. ஆனால் அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறலாம் என்ற ஏற்பாடு இருக்கும் மாநிலத்தில், “சர்க்கரை வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பருப்பு கொடுங்கள்” என்று கேட்க வழியில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த மாத்திரை போகும் வீட்டுக்காவது இந்தத் தெரிவைக் கொடுங்கள் என்கிறோம்.

வரியில் ஒரு விநோதம். 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த குளிர்பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பிஸ்கட், கேக், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பிஸ்கட்டை மறுபடி விலை ஏற்றச் சொல்வது எங்கள் கோரிக்கை அல்ல, டீயில் நனைத்த இரண்டு பிஸ்கட்தான் பலருக்குக் காலை உணவு. குளிர்பான வரியில்தான் ஓட்டை இருக்கிறது. 100 மில்லியில் 11 கிராம் சர்க்கரை போட்டாலும் 4 கிராம் போட்டாலும் அதே 40 சதவீதம். நிறுவனம் எதற்காகக் குறைக்கும்? பிரிட்டன் 2018-இல் கொண்டுவந்த வரி 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம் என்று இரண்டு படிகள் வைத்தது. அந்தப் படிக்குக் கீழே இறங்குவதற்காகவே பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றின. அதுபோன்ற படிகள் இங்கும் வேண்டும்.

பொட்டல உணவின் முன்பக்கத்தில் எச்சரிக்கை முத்திரை வேண்டும். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை அதிகமுள்ள பொட்டலத்தில் கருப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கும் புரியும். இங்கே 2022-இல் முன்மொழிந்தது நட்சத்திர மதிப்பீட்டை. பிஸ்கட்டுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் நம் ஆட்கள் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே நட்சத்திரத்தை எதிர்க்கிறோம். முன்பக்க முத்திரை பற்றிய பரிந்துரையை 3 மாதத்துக்குள் முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பொடிகளை இணையக் கடைகளில் ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையில் வைக்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் சொல்ல வேண்டியிருந்தது. மளிகைக் கடை அலமாரிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக் கூடாது என்ற விதி 2020 முதல் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கேட்கிறோம். அதிகாரிகள் வந்தால் முதலில் வாசலில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கும் ஆச்சியைத் துரத்துவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவரை விட்டுவிட்டு, சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைப் பார்க்கட்டும்.

இந்த நிலைப்பாட்டுக்கு மாற்றுக் கருத்து சொன்னவர்களையும் பதிவு செய்கிறோம். டீக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். “சீனி கம்மியானா டீ சப்புனு இருக்கும்பாங்க, பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. தனியா வச்சா எறும்பு மொய்க்கும், அள்ளிப் போட்டுக்குவாங்க, யார் கணக்குப் பாக்குறது?” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொத்தனார், சித்தாள்களைப் பற்றியும் அவர் கேட்டார்: வெயிலில் நிற்பவருக்கு அந்த இனிப்பு டீதான் அடுத்த இரண்டு மணி நேரத் தெம்பு, அதில் கை வைப்பானேன்? அவர்கள் கேட்டால் இரண்டு ஸ்பூன் என்ன, மூன்றே போடட்டும். பன்னுக்குப் பக்கத்தில் அதே விலைக்குச் சுண்டல் வைக்க முடியுமா என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்டோம். பட்டாணிச் சுண்டல் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாக்கை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எறும்புக்கு வழி கண்டாயிற்று: மூடி போட்ட டப்பா, உள்ளே ஒரே ஒரு சின்ன ஸ்பூன். மன்றக் கூட்டங்களுக்கு இனி சீனி போடாத பிளாஸ்க்தான் வரும். டப்பா பக்கத்தில் இருக்கும். இதற்குச் சம்மதிக்கும் கடைகளுக்கு “சீனி கேட்டால் மட்டும்” என்று எழுதிய அட்டையை மன்றச் செலவில் கொடுக்கிறோம். முதல் அட்டையை எந்தக் கடைக்குக் கொடுப்பது என்பதில் அடுத்த சண்டை தொடங்கியிருக்கிறது.