அலுமாரிக்குள் பூட்டிய பலகை யாரைக் காப்பாற்றும்?

பலாபத்வலப் பக்கம் ஒரு வீட்டு அலுமாரிக்குள்ள ஒரு மழைமானி இருக்கு. அந்த வீட்டு அண்ணா ஏ.எல். படிக்கும்போது போட்டி ஒன்றுக்குச் செய்தது. மழை எவ்வளவு பெய்தது என்று எண்ணும். அளவு கூடினால் சத்தம் போடும். சான்றிதழ் கொடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் பேப்பரில் வந்தது. "இளம் கண்டுபிடிப்பாளர்". அதோட கதை முடிஞ்சுது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டத்திலும் மலை சரிந்தது. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சில வாரம் கழித்து நாங்கள் அந்த அண்ணாவைத் தேடிப் போனோம்.

"அண்ணே, இதே மாதிரி இன்னும் நாலு செய்யலாமா?"

"பலகையோட டிசைன் என்கிட்ட இல்ல தம்பி. டியூசன் சேரோட பழைய லெப்டொப்புல இருந்துச்சு. களவா போட்ட சொப்ட்வெயார்ல வரைஞ்சது. இப்ப அது திறக்காது."

அண்ணா மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவரை மேடையில் ஏற்றிவிட்டு, "வரைபடம் எங்க?" என்று ஒருவர்கூடக் கேட்காத பழக்கத்தின் மேல்தான் கோபம்.

ரேடியோவைக் கழற்றினால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்குமே, அதுதான் பீசீபி, அச்சிட்ட சுற்றுப்பலகை. பலகையில் ஓடும் செப்புக் கோடுகள்தான் பாகங்களை இணைக்கின்றன. அதைச் செய்ய இரண்டு வரைபடம் வேண்டும். எது எதோடு இணைய வேண்டும் என்று சொல்வது ஒன்று. எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்வது மற்றது. கண்டுபிடிப்பு அந்த இரண்டு ஃபைலில்தான் இருக்கு. கையில் இருக்கும் பலகை அதன் ஒரு பிரதி மட்டுமே.

ஆர்ட்ஸ் பெகல்டிக்காரங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பார்த்துப் பதிப்பிக்கும் வேலை அது. பாடபேதம் என்றால் என்ன, எந்தத் திருத்தத்தை யார் செய்தார் என்று குறிப்பது ஏன் முக்கியம் என்று எங்களுக்கு வகுப்பிலேயே படிப்பிக்கிறாங்க. உலகத்தில் இன்று நல்ல சுற்றுப்பலகைகளைச் செய்கிறவர்கள் பலர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கிகேட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு. 1992 இல் ஜோன்-பியேர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. 2013 முதல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடமும் அதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. அதன் ஃபைல்கள் வெறும் எழுத்துதான். எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம். அதனால் மென்பொருள்காரர்கள் பயன்படுத்தும் கிட் முறையில் வைத்து, யார், எப்போது, எந்தத் தடையியை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று வரலாறாகவே சேமிக்கலாம். கோடுகளுக்கு இடையில் போதிய இடைவெளி இருக்கா, இணைப்பு ஏதாவது விடுபட்டிருக்கா என்று கணினியே சோதித்துச் சொல்லும்.

இதில் சிக்கலே இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் கோடு இழுத்தால், இரண்டையும் ஒன்றாகத் தைப்பது பெரும்பாடு. அதனால் வேலையை முதலிலேயே பிரிக்க வேண்டும். மின் வழங்கலை ஒருவர் வரைவார், உணரியை இன்னொருவர், தகவல் அனுப்பும் பகுதியை வேறொருவர். பலகையில் கோடு இழுப்பது முறை வைத்து. ஒருவர் இழுக்கும்போது மற்றவர்கள் பிழை பார்ப்பார்கள்.

அந்தப் பிழை பார்க்கும் வேலைதான் உயிர் காக்கும் வேலை. மழைமானிக்குள் ஒரு சிறிய வாளி இருக்கும். நிரம்பியதும் சாயும், சாயும்போது ஒரு காந்தம் சுவிட்சைத் தட்டும். சுவிட்ச் ஒரு தடவை தட்டுப்பட்டாலும் மின்னளவில் பல தடவை துடிக்கும். அதை அடக்க ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் போட மறந்து, நிரலிலும் கவனிக்காமல் விட்டால், ஒரு சாய்வை மூன்றாக எண்ணும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற அளவுகளை வைத்து ஏறுகின்றன. 150 என்றால் வெளியேற வேண்டும். 50 மில்லிமீற்றர் மழைக்கு உங்கட கருவி 150 என்று கத்தினால் சனம் ஒரு தடவை ஓடும், இரண்டு தடவை ஓடும். மூன்றாவது தடவை போர்த்திக்கொண்டு படுக்கும். தனியாக உட்கார்ந்து வரைகிறவருக்கு இந்தப் பிழை தெரியாமலே போகலாம். நாலு பேர் பார்த்தால் ஒருவருக்காவது தெரியும்.

"அப்பிடி எல்லாத்தையும் வெளிய போட்டா களவெடுத்துருவாங்களே?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சேர்ன் இதற்கென்றே 2011 இல் திறந்த வன்பொருள் உரிமம் ஒன்றை எழுதியது. 2020 இல் திருத்தி மூன்று வகையாக வெளியிட்டது. அதில் கடுமையான வகைப்படி யாரும் எடுக்கலாம், செய்து விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்திய வரைபடத்தையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். அலுமாரியில் வைத்ததை யாரும் களவெடுக்கவில்லை, சரிதான். அது யாருக்கும் பயன்படவும் இல்லை.

"காசு கொடுத்து நல்ல சொப்ட்வெயார் வாங்கினா சரி" என்பார்கள். ஈகிள் என்ற மென்பொருளில்தான் ஒரு தலைமுறையே பலகை வரையப் பழகியது. 2016 இல் ஓட்டோடெஸ்க் அதை வாங்கியது. அடுத்த வருசமே சந்தா கட்டினால்தான் பாவிக்கலாம் என்றார்கள். 2023 இல், 2026 ஜூனோடு ஈகிள் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். உங்கள் வரைபடத்தின் ஆயுளை வேறொருவரின் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது.

இது எங்கட நாட்டுக்குப் புதுசும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய சஹானா என்ற திறந்த மென்பொருள், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கம் வரை உலகத்துக்கே உதவியது. இங்கே தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014 அளவிலேயே திறந்த வன்பொருளில் ஒரு மழைமானி செய்து கட்டுரையும் எழுதினார்கள். ஆனால் பலாபத்வலயில் ஒரு ஏ.எல். மாணவர் எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து தொடங்கினார். அந்த வேலை தமிழிலோ சிங்களத்திலோ அவர் கைக்கு வந்திருந்தால் ஒரு வருசம் மிச்சமாகியிருக்கும்.

2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. அதிலிருந்து எத்தனை செயற்றிட்டம், எத்தனை கண்காட்சி! போட்டி நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: வரைபட ஃபைலைத் திறந்து வைக்காத கருவிக்குப் பரிசு கொடுக்காதீங்க. பரிசில் ஒரு பங்கைப் பிழை கண்டுபிடித்தவருக்கும், கடந்த வருட வேலையை எடுத்துத் திருத்தினவருக்கும் கொடுங்க. "இது இவர் தனியாகச் செய்தது" என்று மைக்கில் பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்க.

எங்கள் பெகல்டி ஆட்களுக்கும் ஒன்று. பொருத்தும் முறையை, சோதிக்கும் முறையை, பழுதானால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை லயத்தில் இருக்கும் ஒரு அக்கா வாசித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுத வேண்டும். அந்த வேலையை இஞ்சினியர் செய்வார் என்று காத்திருக்க ஏலாது. அது எங்கட வேலை.

சீனத் தொழிற்சாலைகளில் ஒரு பலகைக்கு ஓடர் போட்டாலும் பெரும்பாலும் ஐந்துதான் குறைந்தபட்சம். தனி மேதைக்கு ஒன்று போதும், மற்ற நாலும் அலுமாரிக்குப் போகும். ஐந்து ஊர் சேர்ந்தால் ஐந்துக்கும் இடம் இருக்கு.

அண்ணாவின் பலகையை இரண்டு பக்கமும் படம் எடுத்திருக்கிறோம். அவரும் எங்களோடு உட்கார்ந்து, கோடு கோடாகக் கிகேட்டில் திரும்ப வரைகிறோம். சுவிட்சுக்குப் பக்கத்தில் கொள்ளளவி இல்லை என்பதை எங்களில் சரித்திரம் படிக்கிற ஒருத்திதான் கண்டுபிடித்தாள். "இது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்றார் அண்ணா. அவள் பெயரும் அந்த ஃபைலில் இருக்கு.