வரி எங்க உடையுது?

எபிசோடில அரே பற்றிக் கதைச்சதின் தொடர்ச்சி இது.

1, 2, 3 எண்டு 365 வரை ஒரே வரியில எழுதினால் அதில செய்தி எதுவும் இல்லை. அதையே நீளம் சமமில்லாத வரிகளா உடைச்சால், உடையிற இடம்தான் செய்தி. நீல் ஸ்லோன் 1964இல் சேர்க்கத் தொடங்கிய முழுவெண் தொடர்களின் கலைக்களஞ்சியத்தில இப்படியான அட்டவணைகளுக்கு ‘டாப்எஃப்’ எண்டு தனிக் குறிச்சொல்லே இருக்கு.

எங்கட வீட்டுச் சுவரில தொங்கிற தமிழ்க் கலண்டரும் அப்படி ஒண்டுதான். சித்திரை 1 தொடக்கம் 31, வைகாசி 32 தொடக்கம் 62, ஆனி 63 தொடக்கம் 94. ஆனிக்கு 32 நாள் வரும். மார்கழிக்கு 29 நாளும் வரும். ஜூலைத் தொடக்கத்தில பூமி சூரியனுக்கு ஆகத் தூரத்தில மெதுவாப் போகுது. அதால மிதுன ராசியைக் கடக்கச் சூரியனுக்குச் சுமார் 31.6 நாள். ஜனவரித் தொடக்கத்தில பூமி ஆகக் கிட்ட, வேகமா, தனுசுக்கு 29.3 நாள்தான்.

வியா மக்வேதாவில நடந்து குவாத்ரோ காந்திக்கு வந்தால் மூலைக்கு ஒண்டா நாலு பருவகாலச் சிலைகள் நிக்கும். மூலைகள் சமம், பருவங்கள் சமமில்லை: கோடை 93 நாளுக்கு மேல, குளிர்காலம் 89. காரணம் அதேதான்.

அதால 365ஐ 12ஆல் பிரிச்சோ, ஒரு வருஷத்து மாத நீளங்களைக் கோடுக்குள்ள நிரந்தரமா எழுதியோ ஆப் செய்யிறது பிழை எண்டுதான் சொல்லுவன். ஒவ்வொரு வருஷத்துக்கும் வரி தொடங்கிற எண்களை (1, 32, 63, 95...) தனி டேட்டாவா வையுங்கோ. எந்த நாள் எந்த மாதம் எண்டு பைனரி சேர்ச் சொல்லிவிடும்.

ஆனா யாருடைய டேட்டா? தமிழ் முறையில, சூரியன் ராசி மாறுறது அஸ்தமனத்துக்கு முந்தி எண்டால் அண்டைக்கே முதலாந் திகதி. பிந்தினால் அடுத்த நாள். ஜனவரியில ஒரு நாள் யாழ்ப்பாண நேரம் இரவு 8 மணிக்கு மகர ராசி பிறக்குது எண்டு வையுங்கோ. அங்க தை 1 அடுத்த நாள். அதே கணம் பலெர்மோவில பின்னேரம் 3.30; சூரியன் மறைய 5 மணி தாண்டும். இங்கத்த அஸ்தமனத்தைப் பார்த்தால் தை 1 அண்டைக்கே. ஒரு எண் மார்கழி வரியில இருந்து தை வரிக்குப் போகுது, பொங்கலும் அதோட போகுது. வாக்கியமா திருக்கணிதமா எண்ட கேள்வி வேற.

யாழ்ப்பாண அட்டவணைதான் என்ர தெரிவு. அம்மம்மாவும் நாங்களும் ஒரே நாளில பொங்கலாமே. ஆனா அது ஆக்கள் கூடிக் கதைச்சு எடுக்கவேண்டிய முடிவு. போனில இருக்கிற ‘கரண்ட் லொகேஷன்’ ஆருக்கும் சொல்லாமல் எடுக்கக் கூடாது. நீங்கள் கலண்டர் ஆப் எழுதினால் முதல் திரையிலயே எழுதுங்கோ: எந்த ஊர் அஸ்தமனம், எந்தப் பஞ்சாங்கம். இரண்டே சொல்தான். அதைப் பார்த்தால்தான் பாவிக்கிற ஆள் ‘ஏன் இந்த நாள்?’ எண்டு கேட்கவாவது முடியும்.