ரிட்டர்ன் கேட்காம காயின் சேருங்க!



நம்ம சேனல்ல தங்கம், வெள்ளி பத்தி எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "ப்ரோ, பழைய காயின், நினைவு நாணயம் எல்லாம் வாங்கி வச்சா நல்ல ரிட்டர்ன் வருமா?"

என் பதிலை நேராவே சொல்லிடறேன். ரிட்டர்னுக்காக வாங்காதீங்க. ஆனா ஆசைப்பட்டா தாராளமா வாங்குங்க. மாசச் சம்பளக்காரங்க பழகிக்க வேண்டிய நல்ல பொழுதுபோக்குகள்ல இது ஒண்ணு.

பர்ஸ்லயே தொடங்கலாம்

யுபிஐ வந்த பிறகு சில்லறை நம்ம கையில படறதே குறைஞ்சு போச்சு. அடுத்த தடவை ஒரு காசு கிடைச்சா, அதுல வருஷம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே பாருங்க. வைர வடிவக் குறி இருந்தா மும்பையில அடிச்சது. நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத். சின்ன வட்டப் புள்ளி இருந்தா நொய்டா. எந்தக் குறியும் இல்லைன்னா கொல்கத்தா. இது ஒரு தடவை தெரிஞ்சுட்டா, எந்தக் காசையும் பார்க்காம கடைக்காரர்கிட்ட நீட்ட மனசு வராது.

10 ரூபாய் காயினை நம்ம ஊர்ல எத்தனை கடையில "செல்லாது"ன்னு திருப்பிக் குடுத்திருக்காங்க! ஆனா 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லிடுச்சு: அதுவரைக்கும் வந்த 14 வடிவங்களுமே செல்லும். அந்த 14 வடிவத்தையும் சில்லறையிலயே தேடிச் சேர்த்தா ஆகிற செலவு 140 ரூபாய். ஆர்வம் போயிடுச்சுன்னா அதே 140 ரூபாய்க்குச் செலவு பண்ணிக்கலாம். இவ்வளவு ரிஸ்க் குறைஞ்ச ஹாபி வேற எது இருக்கு?

ஒரு தலைப்பு எடுத்துக்கோங்க

கண்ணுல பட்டதை எல்லாம் வாங்கினா பணமும் போகும், சீக்கிரம் சலிப்பும் வந்துடும். ஒரு தலைப்பு வச்சுக்கிட்டா தேடறதே ஒரு சுகம். உதாரணமா, தமிழ்நாட்டோட தொடர்புள்ள நாணயங்கள். 1995 எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயம், 2003ல் காமராஜர் நூற்றாண்டு நாணயம், 2009ல் அண்ணாவோட தமிழ்க் கையெழுத்தோட வந்த 5 ரூபாய், 2010ல் தஞ்சைப் பெரிய கோவிலோட ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த நாணயம். இந்த வரிசையை முடிக்கவே மாசக்கணக்கா ஆகலாம். அந்தக் காத்திருப்புக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க. ஒரு கிளிக்ல வீட்டுக்கு வர்ற எதுலயும் அது கிடைக்காது.

இன்னொரு லாபமும் இருக்கு. பணவீக்கம்னு நாம சார்ட் போட்டு விளக்கறதை, ஒரு 25 பைசா காசு உள்ளங்கையில காட்டிடும். ஒரு காலத்துல அதுக்கு ஒரு மிட்டாயாவது கிடைச்சது. 2011 ஜூன் 30ஓட 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமப் போச்சு. பணத்தைச் சும்மா வச்சிருந்தா என்ன ஆகும்னு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்போ கணக்கு

2023ல் புது நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்கு 75 ரூபாய் நினைவு நாணயம் வந்தது. எடை 35 கிராம். பார்க்க முழு வெள்ளி மாதிரி இருக்கும். ஆனா வெள்ளி 50 சதவீதம்தான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அப்போ வெள்ளி 17.5 கிராம். இதை அன்னைக்கு வெள்ளி விலையால பெருக்குங்க. நீங்க குடுக்கிற விலைக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க சந்தோஷத்தோட விலை. அது சரின்னு பட்டா வாங்குங்க. இல்லைன்னா விட்டுடுங்க.

மெடல் விஷயத்துல இன்னும் கவனம் வேணும். நாணயத்துக்கு அரசு குறிச்ச முகமதிப்பு உண்டு, மெடலுக்கு அதுவும் கிடையாது. "லிமிடெட் எடிஷன்"னு பெட்டியில போட்டு விற்கிற வெள்ளி மெடலை நகைக்கடைக்கு எடுத்துட்டுப் போனா, அவங்க பார்க்கிறது உள்ளே இருக்கிற வெள்ளியை மட்டும்தான். டிசைன் பிடிச்சிருக்கு, அந்த நிகழ்வு உங்களுக்கு முக்கியம்னா வாங்குங்க. விலை ஏறும்னு நம்பி வாங்காதீங்க.

ஏமாறாதீங்க

"வைஷ்ணோ தேவி காயின் இருக்கா? லட்சக்கணக்கில் பணம்!"னு வர்ற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. அது புழக்கத்துக்கே வந்த சாதாரண நாணயம். ஆசை காட்டி, அப்புறம் "பதிவுக் கட்டணம், கமிஷன், வரி கட்டுங்க"ன்னு கேட்பாங்க. ரிசர்வ் வங்கி பேரையும் லோகோவையும் வச்சே இப்படி நடக்குதுன்னு 2021 ஆகஸ்ட்ல அந்த வங்கியே எச்சரிக்கை விட்டிருக்கு. உங்க பொருளை வாங்க வர்றவர் உங்ககிட்ட ஏன் பணம் கேட்கணும்? யோசிங்க. பணம் உள்ளே வர யுபிஐ பின் தேவையே இல்லைங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொண்ணு: 100 வருஷத்துக்கு மேல பழைய நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், இஷ்டத்துக்கு வெளிநாடு கொண்டு போக முடியாது. ஆன்சைட் போற ஃப்ரெண்டுக்குப் பரிசா குடுத்து அவரை ஏர்போர்ட்ல மாட்டி விட்டுடாதீங்க. அப்புறம், பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போயிடும்.

என் ரூல்ஸ்

எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி மூணும் போன பிறகு, சினிமா, ஹோட்டல்னு ஒதுக்கற பணத்துல இருந்து மட்டும் எடுங்க. மாசம் 500 ரூபாய் போதும். இந்த மாசம் ஒண்ணும் பிடிக்கலைன்னா அடுத்த மாசத்துக்குச் சேர்த்து வைங்க. இஎம்ஐ, கிரெடிட் கார்டு கூடவே கூடாது. வாங்கின தேதி, விலை, யார்கிட்ட வாங்கினீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. உங்க நெட்வொர்த் ஷீட்ல மட்டும் அந்த ஆல்பத்தைச் சேர்க்காதீங்க.

மத்த எல்லாப் பணத்துக்கும் நாம ரிட்டர்ன் கேட்கறோம். கேட்கணும், அதுக்குத்தான் இந்த சேனலே. ஆனா சம்பாதிக்கிறதுல ஒரு சின்னப் பங்காவது எந்தக் கேள்வியும் கேட்காம சந்தோஷத்துக்குப் போகட்டும். அது ஞாயித்துக்கிழமை மதியம் மடியில விரிச்சு வச்ச ஒரு காயின் ஆல்பமா இருந்தா, எனக்கு டபுள் ஓகே.